உமி எரிந்தபின் எஞ்சுவது



பெரும்போக அறுவடை முடிந்து வட்டைகளில் விளைந்த நெல் ஆலைகளுக்கு வந்துசேரும் நாட்களிற் கல்முனையிலிருந்து சம்மாந்துறைப் பக்கம் செல்வோர், அரிசி ஆலைகளின் பின்புறத்தே பொன்னிறக் குன்றுகள் எழுந்து நிற்பதைக் கண்டிருப்பர். அவை உமிக் குன்றுகள். நெல்லிலிருந்து அரிசியை எடுத்துக்கொண்டு, தவிட்டைக் கோழிக்கும் மாட்டுக்கும் ஒதுக்கிவைத்தபின், எவருக்கும் வேண்டாதது என்று தள்ளப்பட்ட மிச்சம் அது. மாடும் அதனை விரும்பி உண்பதில்லை. பயனற்ற உழைப்புக்கு உவமை சொல்லவேண்டுமெனில் உமியைக் குற்றிய கதை என்றே நம் மக்கள் சொல்லிவருகின்றனர்.

உமியைப் பற்றி நம்மிடையே நிலவும் இந்த எண்ணம் முழுதும் சரியானதன்று. களிமண்ணோடு உமியைச் சேர்த்துப் பிசைந்து சுட்டால் உமி எரிந்து மறைகின்றது; அது இருந்த இடம் மட்டும் வெற்றிடமாக மண்ணினுள்ளே எஞ்சி நிற்கின்றது. அந்த வெற்றிடத்தைப் பயன்படுத்தி மனிதர் உருக்கு வடித்தனர், நீரை வடித்தனர், இன்று ஆய்வுகூடங்களிலே நானோமீற்றர் அளவுள்ள நுண்துளைகளையும் ஆக்குகின்றனர். இவ்வரலாற்றில் இலங்கைக்கு ஒரு சிறப்பான இடமுண்டு. அம்பாறைக் கரையோரத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

முதலில், இப்பழக்கம் எவ்வளவு தொன்மையானது என்பதைப் பார்ப்போம். சீனதேசத்துச் செச்சியாங் மாகாணத்திலே சாங்சான் என்னும் இடத்திற் கிடைத்த மட்பாண்டங்கள் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றின் மண்ணுள்ளே நெல்லின் உமி நிறையக் கலந்துள்ளது. நெற்பயிரை மனிதன் இன்னும் முழுமையாகத் தன்வயப்படுத்தாத காலம் அது. சோறு அன்றாட உணவாகுமுன்னரே உமி பானைக்குள் புகுந்துவிட்டது என்று சொல்லத் தோன்றுகின்றது. அடுப்புப் போடும்போதும் மண்சுவர் வைக்கும்போதும் உமியோ வைக்கோலோ சேர்த்துப் பிசையும் நம் கிராமத்துப் பெண்களின் கைப்பழக்கம் இத்தொன்மையின் தொடர்ச்சியே. வெறுங் களிமண் காயும்போது சுருங்கி வெடிக்கும். உமி சேர்ந்தால் ஈரம் வெளியேற வழி பிறக்கும். பிறந்த வெடிப்பும் ஓரிடத்தில் நின்றுவிடும். இதனை அறிவதற்கு எவரும் நூல் படிக்கவேண்டியிருக்கவில்லை.

ஆயினும், மரத்தூளும் சாணமும் வைக்கோலும் எரிந்து வெற்றிடம் தருவனவே. அவற்றுள் உமிக்கு மட்டும் என்ன தனிச்சிறப்பு? நெற்பயிர் தன் வேர்வழியாக மண்ணிலுள்ள சிலிக்காவை நீரோடு சேர்த்து உறிஞ்சும் இயல்புடையது. மணலும் படிகக்கல்லும் எப்பொருளால் ஆயினவோ அப்பொருள் இது. உறிஞ்சிய சிலிக்காவைப் பயிர் பெருமளவில் உமியின் மேற்புறத்தே படியவிடுகின்றது. உமியைத் தடவும்போது விரலில் உறுத்துவதும், மாட்டின் வயிற்றுக்கு அது ஒவ்வாததும் இதனாலேயே. நூறு கிலோ நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ 20 கிலோ உமி கிடைக்கும். அதனை எரித்தால் ஏறத்தாழ 4 கிலோ சாம்பல் மிஞ்சும். அச்சாம்பலில் நூற்றுக்கு எண்பத்தைந்து முதல் தொண்ணூற்றைந்து பங்கு சிலிக்காவாகும். ஆகவே, மரத்தூள் எரிந்தால் வெற்றிடம் மட்டுமே எஞ்சும். உமி எரிந்தாலோ வெற்றிடத்தோடு அதன் சுவரிலே ஒரு சிலிக்கா எலும்புக்கூடும் எஞ்சும். உமியின் மேற்புறத்து வரிசைப் புடைப்புகளைக் கூட அந்த எலும்புக்கூட்டில் நுணுக்குக்காட்டியால் இனங்காண இயலும். தாவரத்தை அச்சாகக்கொண்டு மட்பொருள் வார்த்தல் என்று இன்றைய விஞ்ஞானிகள் பெயரிட்டழைக்கும் முறையின் கரு இதுவே.

இனி, இலங்கையின் பங்கைக் கூறுவோம். ஒன்பதாம் நூற்றாண்டிலே வாழ்ந்த அரபு அறிஞர் அல்-கிந்தி, அப்பாசியக் கலீபா அல்-முஃதசிமின் பொருட்டு வாள்களைப் பற்றி ஓர் ஆய்வுரை எழுதினார். அதில் வாள்களை அவற்றின் உருக்கு எங்கிருந்து வந்தது என்பதைக்கொண்டு அவர் வகைப்படுத்துகின்றார். அவ்வகைகளுள் சரந்தீபு உருக்கும் ஒன்று. சரந்தீபு என்பது நம் இலங்கையே. நம் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் அரபு நாட்டுக் கடல் வணிகத்தின் நினைவுகள் பல வழங்குகின்றன. அவற்றில் முத்தும் கறுவாவும் ஏலமும் இடம்பெறும் அளவுக்கு இத்தீவின் உருக்கு இடம்பெறுவதில்லை என்பது வியப்புக்குரியது.

அந்த உருக்கு எவ்வாறு ஆக்கப்பட்டது? தேனிரும்புத் துண்டை ஒரு மண் மூசையுள் இட்டு, அதனுடன் ஆவாரை மரத்தின் சிறு சீவல்களையும் சேர்த்து, வாயை மண்ணால் மூடி, மரக்கரி நெருப்பில் பலமணி நேரம் ஊதிக் காய்ச்சுவர். சீவல் கரியாகி அக்கரி இரும்பினுட் புகும். இரும்பு உருகி உருக்காகும். இந்தியாவிலே பெரும்பாலும் அப்பம் போன்ற கட்டிகளாக உருக்கு வார்க்கப்பட்டது. இலங்கை மூசையோ நீண்ட குழாய் வடிவினது. ஆதலின் இங்கே உருக்கும் சிறு உருளைக் கோலாகவே வெளிவந்தது. பலாங்கொடைப் பகுதியில் இத்தொழில் நடைபெற்றதனைக் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள் பதிந்துவைத்துள்ளார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்தின் தலைவராயிருந்த அவர், 1908-இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை என்ற தமது பெருநூலில் இரும்புத் தொழிலுக்கும் இடமளித்தார். தொழில் அப்போதே அருகிவிட்டது. பின்னாளில் தொல்லியலாளர் ஜில் யூலெவ் அம்மையார் அதே மலைச்சாரலில் மூசை ஓடுகள் குவிந்துகிடந்த இடங்களை ஆராய்ந்தார். சமனலவெவப் பக்கத்திலே தென்மேற்குப் பருவக்காற்றைத் துருத்தியாகக்கொண்டு எரிந்த பழைய உலைகளைப் பற்றி 1996-இல் அவர் வெளியிட்ட ஆய்வு உலகப் புகழ் பெற்றது. ஆனால் அது வேறொரு கதை. நமக்கு இங்கே முக்கியம் காற்று அன்று, மூசையின் சுவர்.

அச்சுவர் களிமண்ணும் உமியும் கலந்து செய்யப்பட்டது. தமிழ்நாட்டிலும் இதுவே முறை. பரங்கிப்பேட்டையில் 1830-இல் இரும்பாலை நிறுவிய யோசையா மார்சல் ஹீத் என்னும் ஆங்கிலேயர், தென்னிந்திய உருக்கைப் பற்றி 1839-இல் எழுதியபோது, மூசைகள் களிமண்ணோடு கருக்கிய உமியை மிகுதியாகச் சேர்த்துச் செய்யப்படுவதைக் குறிப்பிட்டார். அவருக்கு முன்னரே 1795-இல் ஜோர்ஜ் பியர்சனும், 1819-இல் மைக்கேல் பரடேயும் இந்திய உருக்கை இலண்டனிலே ஆராய்ந்திருந்தனர். அந்தப் பேரறிஞர்கள் கையிற் கிடைத்ததோ உருக்குக் கட்டி மட்டுமே. கட்டியை எடுப்பதற்கு மூசையை உடைக்கவேண்டும். உடைந்த ஓடு கிராமத்துக் குப்பையிலேயே தங்கிவிட்டது. உருக்கின் இரகசியத்தில் ஒரு பாதி அக்குப்பையிற் கிடந்தது என்பது என் கருத்து.

ஏனெனில், இரும்பை உருக்கும் வெப்பத்தைத் தாங்குவது சாதாரண மண்ணுக்கு எளிதன்று. பானை செய்யும் மண் அவ்வெப்பத்தில் தானே இளகிச் சரிந்துவிடும். மூடிய உலையிற் காற்றுப் படாது வெந்த உமி முழுதும் சாம்பலாவதில்லை, அது கரியாகின்றது. கரி இளகாது. உமியிலுள்ள சிலிக்காவோ அக்கரியோடு பின்னிக்கிடக்கின்றது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தெல்மா லோ என்ற ஆராய்ச்சியாளர், தக்காணத்துக் கோனசமுத்திரத்தில் எடுத்த மூசை ஓடுகளைத் தம் துணைவரோடு சேர்ந்து இலத்திரன் நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து 1990-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். உமியின் கரிக்கூடுகள் சுவரெங்கும் நின்றன. அவற்றைச் சூழ்ந்த கண்ணாடிப் பொருளில் முல்லைட் எனப்படும் ஊசிபோன்ற பளிங்குகள் வளர்ந்து வலைபோல் இழைந்திருந்தன. நார்கொண்டு வலுவூட்டப்பட்ட மட்பொருள் என்று அவர்கள் அதனைக் கூறினர். விண்கலங்களுக்கும் இயந்திரங்களுக்கும் வேண்டுமென்று இருபதாம் நூற்றாண்டிற் பெரும்பொருள் செலவிட்டுத் தேடிய வகையைச் சேர்ந்த ஒரு பொருள், எழுதப்படிக்கத் தெரியாத கொல்லர்தம் குடிசைப் பின்புறத்தே ஓடாக உடைந்து கிடந்தது. அக்கொல்லர்களுட் பெரும்பாலோரின் பெயர் நமக்குக் கிட்டவில்லை. சிறந்த உமியும் தக்க மண்ணும் எவ்வெவ்வளவு சேரவேண்டுமென்பதைக் கையே அறிந்திருந்தது. சீமை உருக்கு மலிவாக வந்திறங்கியபோது உலைகள் அணைந்தன. கையும் அதனை மறந்தது.

கரியும் சிலிக்காவும் உமியுள் இவ்வளவு நெருங்கிக் கலந்திருப்பதால், அவ்விரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துப் புதுப்பொருள் ஆக்கலாமா என்ற எண்ணம் வேறு வழியாகவும் பிறந்தது. 1975-இலே அமெரிக்காவின் யூற்றா பல்கலைக்கழகத்தில் லீ, கட்லர் என்ற இருவரும் உமியைக் காற்றுப்படாமற் கருக்கிப் பெருவெப்பத்திற் காய்ச்சிச் சிலிக்கன் காபைட்டைப் பெற்றனர். வைரத்துக்கு அடுத்த வரிசையில் வைத்தெண்ணத்தக்க கடினம் உடையது அப்பொருள், சாணைக்கல்லுக்கு உதவுவது. ஜேர்மனியின் ஏர்லாங்கன் பல்கலைக்கழகத்திலே பீற்றர் கிறைல் குழுவினர் இன்னொரு வழி கண்டனர். மரத்துண்டைக் கரியாக்கி, அதன் நுண்குழாய்களினுள் உருகிய சிலிக்கனைப் புகுத்தினர். வெளிவந்தது கல்; உருவமோ மரம். மரம் உயிரோடிருந்தபோது நீர் ஏறிய குழாய்கள் அவ்வாறே அக்கல்லில் இருந்தன. இவ்வாய்வு 1998-இல் வெளியாயிற்று. 2001-இல் அமெரிக்காவின் பசிபிக் வடமேற்குத் தேசிய ஆய்வுகூடத்தார் ஒருபடி மேற்சென்றனர். மரத்தைச் சிலிக்காக் கரைசலில் ஊறவைத்துப் பின் எரித்து, மரக்கலங்களின் வடிவத்தை மட்டுமன்றி, கலச்சுவரினுள்ளும் நானோமீற்றர் அளவுத் துளைகளை ஒழுங்காக அமைத்தனர்.

நானோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறு. அத்துணைச் சிறு துளைகளால் என்ன பயன் என்று கேட்கலாம். துளை சிறுக்கச் சிறுக்க ஒரே அளவு பொருளுள் அடங்கும் மேற்பரப்பு பெருகும். நன்கு பக்குவப்படுத்தி எரித்த உமியின் சிலிக்காவில் ஒரு கிராம் எடுத்தால் அதனுட் பரந்துகிடக்கும் உட்பரப்பு, ஒரு பெரிய வீட்டின் தளப்பரப்பையும் விஞ்சும். நீரிலுள்ள சாயத்தையும் நச்சு உலோகங்களையும் பற்றிக்கொள்ளவும், இரசாயன மாற்றங்களை ஊக்கவும் அப்பரப்பு இடமாகின்றது.

இங்கே நெல் விளையும் நம் மாவட்டத்தார் கருத்தில் இருத்தவேண்டிய செய்தி ஒன்றுண்டு. உமியை எவ்வெப்பத்தில் எரிக்கின்றோம் என்பதே அதன் விதியைத் தீர்மானிக்கும். ஏறத்தாழ 700 பாகை செல்சியசுக்குக் கீழே அமைதியாக எரித்தால் சிலிக்கா ஒழுங்கற்ற, மென்மையான, துளை மிகுந்த நிலையிலேயே நிற்கும், அதுவே விலைபெறுவது. வெப்பம் மிக ஏறிவிட்டால் துளைகள் அடைபட்டு அது பளிங்காக இறுகும். அப்பளிங்குத் தூசு பயன் குறைந்தது. நெடுங்காலம் சுவாசித்தால் நுரையீரலுக்குக் கேடு விளைப்பதும் ஆகும். ஆலைப் புறத்திலும் செங்கற் சூளையிலும் கண்டபடி எரிந்து காற்றிற் பறக்கும் உமிச்சாம்பலை நாம் எளிதாக எண்ணிவிடுதல் தகாது.

நேயர்களே, இவை ஆய்வுகூடத்துச் செய்திகள். ஆனால் உமி விட்டுச் சென்ற வெற்றிடம் நம் கரையோரத்து மக்களின் உயிர்வாழ்வோடு தொட்டுநிற்பது தண்ணீர் விடயத்திலேயாம்.

கல்முனையும் மருதமுனையும் சாய்ந்தமருதும் நிந்தவூரும் கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய மணற்பட்டியில் அமைந்த ஊர்கள். மணலுள் மழைநீர் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கின்றது. சில அடி தோண்டினால் நன்னீர் ஊறும். தோண்டுவதற்குக் கூலியும் அதிகமில்லை. ஆனால் இலகுவில் நீரை விடும் மணல் இலகுவில் அழுக்கையும் விடும். மக்கள் நெருக்கம் மிகுந்து, ஒரே வளவிற் கிணறும் மலக்குழியும் அருகருகே அமையும் நிலை உண்டானபோது கிணற்றுநீர் நோய்க்கு வாயிலாயிற்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆந் தேதி கடல் எழுந்து வந்தது. இலங்கையில் மிகுந்த உயிரிழப்புக்குள்ளான மாவட்டம் அம்பாறையே; 10,000-க்கும் மேற்பட்டோர் இங்கு மாண்டனர். எஞ்சியோருக்கு மறுநாள் எழுந்த முதற்கேள்வி எதைக் குடிப்பது என்பதாயிற்று. கிணறுகளில் கடல்நீரும் சேறும் கழிவும் கலந்திருந்தன. நல்லெண்ணங்கொண்டு கிழக்குக்கரைக் கிணறுகளை இயந்திரத்தால் விரைந்து இறைத்தபோது, சிலவிடங்களில் அடியிலுள்ள உவர்நீர் மேலெழுந்து நிலை இன்னும் கெட்டது.

அக்காலத்திலே செஞ்சிலுவைச் சங்கத்தினர் இலங்கையின் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஏறத்தாழ 12,000 மண் வடிகலங்களை இலவசமாக வழங்கினர். பூச்சாடி போன்ற ஒரு சுட்ட மண்கலம், குழாய் பொருத்திய ஒரு வாளியினுள்ளே தொங்கும். மேலே ஊற்றிய நீர் மண்ணினூடு கசிந்து கீழே சேரும். இதன் பிறப்பிடம் குவாத்தமாலா. 1981-இலே அந்நாட்டு ஆய்வு நிலையத்தில் பெர்னாந்தோ மசாரியேகோஸ் என்பவர் இதனை உருவாக்கினார். 1998-இல் மிட்ச் என்ற புயல் மத்திய அமெரிக்காவைப் பாழாக்கியபின், நிக்கராகுவாவிலே ரொன் ரிவேரா என்னும் குயவர் இதனை ஊரூராகக் கற்பித்தார். களிமண்ணும், சலித்தெடுத்த உமியோ மரத்தூளோ, ஓர் அழுத்தப்பொறியும், ஒரு சூளையும் போதும். கம்போடியாவிலே இதற்கு உமியையே பயன்படுத்துகின்றனர்.

உமி எரிந்த துளை வழியாகவே நீர் வடிகின்றது என்று பலர் எண்ணுவர். உண்மை சற்று வேறு. உமி விட்ட குழிகள் பெரியவை. நோய்க்கிருமி கூட்டமாக நுழையத்தக்க மண்டபங்கள் என்றே சொல்லலாம். கிருமியைத் தடுப்பது அம்மண்டபங்களுக்கு இடையேயுள்ள களிமண்ணின் நுண்வாயில்கள். அவை ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்திலொரு பங்கை ஒட்டிய அளவின. பக்டீரியாவும் அவ்வளவினதே, வளைந்து நெளிந்த வழியில் அது சிக்கிக்கொள்ளும். தப்பியவற்றை அழிக்க மண்ணிற் பூசிய கூழ்ம வெள்ளி உதவும். உமிக்குழிகள் இல்லாவிடினோ நீர் ஒரு நாள் முழுதும் சொட்டிக்கொண்டேயிருக்கும். குடும்பத்தின் தாகம் தீராது. குழி நீருக்கு விரைவைத் தருகின்றது. மண் காவலைத் தருகின்றது. உமி மிகுந்தால் காவல் குலையும். குறைந்தால் நீர் வராது. பழைய மூசைக்காரன் கை அறிந்திருந்த அதே அளவுக் கணக்கு இங்கும் வந்துவிடுகின்றது.

இக்கலம் எல்லாம் வல்லது என்று எவரும் மயங்கவேண்டாம். பக்டீரியாவினும் பன்மடங்கு சிறிய வைரசுகள் பெரும்பாலும் தப்பிச்செல்லும். உப்பு சிறிதும் தடைபடாது. நீரிற் கரைந்த பொருளுக்கு இவ்வாயில்கள் அரண்மனைக் கதவுகளே. ஆகவே ஆழிப்பேரலையால் உவர்த்த கிணற்றுக்கு இது மருந்தாகவில்லை. அக்கிணறுகளை மெல்ல மெல்லக் கழுவி மீட்டது வடகீழ்ப் பருவமழை. உவர்ப்பு நீங்கியபின்னும் கிருமி நீங்காத கிணறுகளுக்கே இக்கலம் உதவியது. வழங்கப்பட்ட வீடுகளுள் 452-ஐ ஆய்வாளர்கள் பின்னர்ச் சென்று பார்த்தனர். நூற்றுக்கு 76 வீடுகளில் அது இன்னும் பயன்பாட்டில் இருந்தது. இலவசமாகக் கிடைத்த பொருள் மூலையிற் கிடக்கும் என்ற பொதுக்கருத்தை இது பொய்யாக்கியது. மாசு மிகுந்த கிணற்றுநீரை அருந்தியோருக்கே பயன் மிகுதியாயிருந்தது. குழாய்நீர் பெற்றோருக்கு, அவர்தம் நீர் முன்னரே நன்றாயிருந்தமையால், வேறுபாடு சிறிதே. 2012-இல் வெளியான அவ்வாய்வு, கலங்களை உள்நாட்டிலேயே தொடர்ந்து ஆக்கி விற்கும் ஏற்பாடு வேண்டுமென்றும் வற்புறுத்தியது. உடைந்த கலத்துக்கு மாற்றுக்கலம் கடையிற் கிடையாதெனின் குடும்பம் பழைய கிணற்றுநீருக்கே திரும்பும் என்பது வெளிப்படை. உமி குன்றுகுன்றாகக் கிடக்கும் ஒரு மாவட்டத்துக்கு அந்த ஆலோசனை தொலைதூரத்து ஆலோசனை அன்று.

அத்தகைய ஒரு தொழிற்சாலையில் கலம் சூளையிலிருந்து வெளிவந்ததும் செய்யும் சோதனை எளியது. கலத்தை முதலில் நீரில் ஊறவைப்பர். பின்னர் விளிம்புவரை நீர் நிரப்பி, ஒரு மணிநேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று அளவுகோலால் அளப்பர். ஏறத்தாழ ஒரு லீற்றர் முதல் மூன்று லீற்றர் வரை இறங்கினால் கலம் தேறியது. வெள்ளி பூசி அனுப்புவர். அதனினும் விரைவாக நீர் இறங்கும் கலம் பார்வைக்கு எவ்வளவு அழகாயிருந்தாலும், எங்கோ கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அதில் உண்டென்று கொண்டு, எவரும் எடுத்துச்சென்று பயன்படுத்தாதபடி அங்கேயே உடைத்துவிடுவர்.